நாய்க்குக் கார் ஒத்துக்கொள்ளாது

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு வரும் வியாதிகளில், வெளிநாட்டுக்குக் குடிபோகும் ஆசையை எந்த மருத்துவரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது காணொளிகள் வழியாகத் தொற்றியது. போர்ச்சுகலில் ஏதோ ஒரு கடலோர ஊர். ஒரு பெண் காலைவேளையில் காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்து மடிக்கணினியில் வேலை பார்க்கிறாள். அவள் முகம் இப்போது எனக்கு நினைவில்லை. அவள் நாற்காலிக்கடியில், கல் தரையில் கன்னத்தை வைத்து ஒரு நாய் படுத்திருந்தது. கடைக்காரர் அதைத் தாண்டித் தாண்டிப் போய்க் காப்பி கொடுத்தார், யாரும் விரட்டவில்லை. அந்தக் கல் தரையைப் பார்த்துத்தான் நான் கண்டம் மாற முடிவு செய்தேன்.

என் தொழில் அதற்கு இடம் கொடுத்தது. படங்களுக்கும் தொடர்களுக்கும் சப்டைட்டில் எழுதுகிறேன். மலாயிலும் ஆங்கிலத்திலும் மனிதர்கள் மூச்சுவிடாமல் பேசுவதைத் தமிழில் இரண்டு வரிக்குள் மடித்துத் திரையின் அடியில் வைக்கிற வேலை. முதலாளி கிடையாது, அலுவலகம் கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. இணையம் இருக்கும் எந்த ஊரிலும் ஏழையாக இருக்கலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய வசதி. மனைவி என்று ஒருவர் இருந்தார். என்னைவிட முன்யோசனை உள்ளவர் என்பதால் முன்பே பிரிந்து போய்விட்டார். மிச்சம் இருந்தது நாய்.

நாயின் பெயரை எழுதப்போவதில்லை. அதற்கும் அந்தரங்கம் உண்டு. காய்கறிப் பாசாருக்குப் பின்னால், கால்வாயோரம் குட்டியாகக் கிடைத்தது. பழுப்பு நிறம். ஒரு காது நிமிரும், இன்னொன்று யோசிக்கும். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நானும் அதுவும் குடியிருக்கிறோம். கீழே தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துகிறார். அவர் நாயைத் தொடமாட்டார். நாய்க்கோ அவருடைய மீன் குழம்பின் மேல் தீராத பக்தி. இருவருக்கும் நடுவில் நான் செய்துவைத்த உடன்படிக்கை, நாய் பின்பக்கப் படி வழியாக மட்டுமே ஏறி இறங்கும் என்பது. இதுவரை இரு தரப்பும் அதை மீறியதில்லை. உலக நாடுகள் வந்து பாடம் படிக்கலாம்.

இதுவரை சொன்னதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வெட்கம் நிபோங் திபாலில் இருக்கிறது.

அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். எனக்கு ஒரே அக்கா. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் இல்லை. அத்தான் இறந்தபிறகு தனியாக இருக்கிறாள். எங்கள் தீவிலிருந்து கடலைக் கடக்கும் இரண்டாவது பாலம் வழியாகப் போனால், நெரிசல் இல்லாத நாளில், ஒரு பழைய பாட்டுத் தொகுப்பு முடிவதற்குள் அவள் வாசலில் நிற்கலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்துக்குப் போகாமல் இருப்பதற்கு உருப்படியான காரணம் வேண்டும் அல்லவா? எனக்கு நாய் இருந்தது.

அக்கா வீட்டில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அதுதான் குறை. தட்டு காலியாகும் முன் சோறு விழும். மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. முட்டி போட வேண்டும். அதன்பிறகு பக்கத்து வீட்டார் வருவார்கள். "இன்னமும் வீட்லதான் வேலையா?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். அக்கா எனக்கு முந்திக்கொண்டு, "அவன் சினிமாவுக்கு எழுதறான்" என்பாள், நான் ஏதோ கதை வசனகர்த்தா போல. அந்தப் பெருமையைத் தாங்கிக்கொண்டு ஓர் இரவு அங்கே படுப்பது எனக்குப் பெரும்பாடு.

நாய் வந்த முதல் வருடம், கிறிஸ்மஸுக்கு முதல் நாள், அதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் பின்னிருக்கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை அது தனியாளாக முடித்துவிட்டது. பாலத்தின் நடுவில் அத்தனையையும் வாந்தியெடுத்தது. பாலத்தைத் தாண்டியதும் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து, "நாய்க்குக் கார் ஒத்துக்கலக்கா" என்று போன் செய்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஐயோ பாவம், வாயில்லா ஜீவன். நீ அத கவனி, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவ்வளவு மலிவாக ஒரு மன்னிப்பு கிடைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதிலிருந்து மன்னிப்பை அதே கடையில் வாங்கத் தொடங்கினேன்.

ஈஸ்டருக்கு நாய்க்குக் கார் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தானின் நினைவுப் பூசைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பகலுணவுக்குப் போவேன், மூன்று மணிக்கெல்லாம், நாய் தனியாக இருக்கும் என்று எழுந்துவிடுவேன். அக்காவும் அதற்கு ஒரு டப்பாவில் கோழி எலும்பு கட்டிக் கொடுப்பாள். கண் ஆபரேசன் செய்துகொண்டபோது ஒரே ஓர் இரவு துணைக்கு இருக்க முடியுமா என்று கேட்டாள். அதற்கும் அதே பதில்தான் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து படுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நாயும் நானும் பத்து பெரிங்கி கடற்கரையில் நடந்தோம். காரில்தான் போனோம்.

உண்மையில் அந்த நாயைப் போல் காரை நேசிக்கும் உயிரை நான் கண்டதில்லை. சாவி சத்தம் கேட்டால் பின்படியில் நாலு கால் பாய்ச்சலில் இறங்கும். துரியான் காலத்தில் பாலிக் பூலாவ் மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் தலையை வெளியே நீட்டி, காது பின்னால் மடங்க, ஏதோ தேர்தலில் ஜெயித்ததுபோல் வரும்.

வெளிநாட்டுத் திட்டம் வந்ததும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஊசி, தோலுக்கடியில் வைக்கும் சில்லு, விமானத்துக்கான கூண்டு எல்லாவற்றையும் அந்தச் சீனப் பெண்மணி பொறுமையாக விளக்கினார். கூண்டை முதலில் பழக்க வேண்டும், காரில் தூரமாகக் கூட்டிப்போய்ப் பழக்கமில்லாத வீட்டில் ஓர் இரவாவது தூங்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். காரில் வாந்தி எடுக்குமா என்று கேட்டார். முறுக்கைத் திருடித் தின்ற ஒரு நாளைத் தவிர ஒருபோதும் இல்லை என்றேன். அந்த அறையில் உண்மை அத்தனை சுலபமாக வாயிலிருந்து வந்தது எனக்கே விநோதமாக இருந்தது.

கீழ்க்கடை அண்ணனிடம்தான் முதலில் விஷயத்தைச் சொன்னேன். அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்களா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அதற்காகத்தான் போகிறாயா என்றார், மேசையைத் துடைத்துக்கொண்டே. நான் சிரித்து மழுப்பினேன்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லணும்ணே."

"நாய்க்கு ஊசி போட்டாச்சு, கூண்டு வாங்கியாச்சு. அக்காவுக்கு மட்டும் இன்னும் சொல்லல. நல்லா இருக்கு லா தம்பி, ஒன் வரிசை."

அது உறைத்தது. ஆகவே ஒரு சனிக்கிழமை, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினேன். நாயைக் கூண்டோடு அக்கா வீட்டுக்குக் கொண்டுபோவது; அன்றிரவு அங்கே தங்குவது; தங்கிய வீட்டில் சாப்பிட்ட பிறகு நிதானமாக விஷயத்தைச் சொல்வது. அதுவரை காரே ஒத்துக்கொள்ளாத நாய் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு பதில் தயாரித்திருந்தேன். புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது. பாலம் முழுக்க அதைச் சொல்லிப் பழகினேன். தொழில் பழக்கம், இரண்டு வரியில் கச்சிதமாக அமைந்தது. பழைய பொய்யைக் காப்பாற்றப் புதுப் பொய்யைக் கூலிக்கு அமர்த்துகிறோம் என்று தெரிந்துதான் இருந்தது. நாய் பின்னால் கூண்டுக்குள் நிம்மதியாகக் குறட்டை விட்டது.

அக்கா முன்வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நான் கார்க் கதவையும் கூண்டையும் திறந்ததும் நாய் துள்ளி இறங்கி, நேராக அவளிடம் ஓடி, இரண்டு முன்னங்கால்களையும் அவள் வயிற்றில் வைத்தது. அவள் கையிலிருந்து குழாய் விழுந்தது. அது தரையில் கிடந்து தன்பாட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சியது.

"வாந்தி எடுக்கலையா?"

"இல்லக்கா."

"வழி பூராவும்?"

"பூராவும்."

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாய் அவள் காதை நக்கியது. "என் ஜெபத்தக் கேட்டுட்டாங்கடா" என்றாள். "இத்தன வருசம் கழிச்சி கேட்டுட்டாங்க."

எனக்குப் புரிய நேரமாயிற்று. ஒவ்வொரு வருடமும் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத் திருவிழாவுக்கு அக்கா போவாள். கூட்டத்தோடு மெழுகுத்திரி ஏற்றுவாள். அத்தானின் ஆன்மாவுக்கு ஒன்று, அப்பா அம்மாவுக்கு ஒன்று. நான் அந்த வாந்திச் செய்தியைச் சொன்னதற்கு அடுத்த வருடத்திலிருந்து இன்னொன்று, என் நாயின் வயிற்றுக்கு. கூட வந்தவர்கள் கேலி செய்திருக்கிறார்கள். நாய்க்கெல்லாம் திரியா டீச்சர் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நாய்க்கு இல்ல, தம்பிக்குத்தான்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "அதுக்குச் சரியாப் போனா இவன் வருவான் இல்ல?"

மாத்திரை என்ற சொல் என் வாயிலேயே கரைந்துவிட்டது.

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்ததெல்லாம் குனிந்து தண்ணீர்க் குழாயை மூடியதுதான். அதற்குள் அவள் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். நாய் நல்லபடியாக அவள் வீடு வந்து சேர்ந்தால் ஒரு ஞாயிறு பூசைக்கு வரும் அத்தனை பேருக்கும் சோறு போடுவதாக நேர்ந்திருக்கிறாளாம். நேர்ச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த ஞாயிறே வைத்துவிடலாம். நாயையும் அழைத்து வர வேண்டும். நான் தலையாட்டினேன். அன்று தங்கத்தான் போயிருந்தேன். ஆனால் ஓர் அற்புதத்தோடு ஒரே கூரையின் கீழ் தூங்கும் துணிச்சல் வரவில்லை. அவசர வேலை என்று சொல்லி, கூண்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் முழுக்க ஒரு கொலை மர்மத் தொடருக்குச் சப்டைட்டில் எழுதினேன். அதில் வரும் கொலைகாரன் என்னைவிட நேர்மையானவனாகத் தெரிந்தான். பிடிபட்டதும் ஒப்புக்கொள்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பந்தி. நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், தால்ச்சா, அச்சார். அக்காவும் தோழிகளும் விடியலிலேயே அடுப்பு மூட்டியிருந்தார்கள். நாயை ரம்புத்தான் மரத்தடியில் கட்டியிருந்தேன். பூசை முடிந்து வந்தவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் தட்டு எடுத்தார்கள். ஓர் அம்மாள் தனக்குக் கேஸ்டிரிக் இருப்பதாகவும், நாயின் வயிற்றைக் கொஞ்சம் தடவிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். தடவிக்கொள்ளுங்கள் என்றேன். நாய் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக் காட்டியது. அதற்கு எந்த மனசாட்சியும் இல்லை. நான் பக்கத்தில் கோயில் யானையின் பாகனைப் போல் நின்றேன்.

வரிசையில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். அக்காவின் முன்னால் தட்டை நீட்டியவர், மரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை பார்த்தார்.

"டீச்சர், இந்த நாயா? இத நான் பாத்திருக்கேனே. பாலிக் பூலாவ்ல, துரியான் சீசன்ல. காடி சன்னல்ல தலைய வெளிய விட்டுக்கிட்டு நாக்கு காத்துல பறக்குது. எம்மவகிட்டக்கூட காட்டினேன், அந்தா பாரு எப்பிடிப் போவுதுன்னு. இதே காதுதான். காடியும் இதேதான் லா."

"எப்ப?" என்றார் பின்னால் நின்றவர்.

"போன வருசம். அதுக்கு முந்தியும் பாத்திருக்கேன்."

"அப்ப போன வருசமே சொகமாயிடுச்சி போல" என்றார் அவர். "பாருங்களேன், தம்பிதான் டீச்சருக்கு லேட்டா வந்து சொல்றாரு."

வரிசை முழுக்கச் சிரித்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. தபால்காரர் கர்த்தருக்குக் கூடுதலாக ஒரு சாட்சி சொல்லிவிட்ட திருப்தியில் இருந்தார். அக்காவின் கரண்டி மட்டும் சட்டிக்கு மேல் கொஞ்சம் நின்றது. என்னை அவள் பார்க்கவில்லை. தபால்காரருக்கு ஒரு பெரிய தொடைக் கறியாகப் பார்த்துப் போட்டாள். அடுத்தவருக்கும் அப்படியே போட்டாள். கடைசி ஆள் வரைக்கும் யாருக்கும் அவள் கை குறையவில்லை.

எல்லாரும் போனபிறகு, குழாயடியில் இரண்டு பேரும் பானை கழுவினோம். உதவி செய்ய வந்த பெண்களை அவளே வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை விளையாட அனுப்புவார்களே, அப்படி.

"எப்பவுமே வாந்தி எடுத்ததில்லையா?" என்றாள்.

"ஒரே ஒரு தடவ. பாலத்துல. முறுக்க தின்னுட்டு."

அவள் பானையின் அடியைத் தேய்த்தாள். கரி கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

"கண்ணு ஆபரேசன் அன்னைக்கி?"

"இல்லக்கா."

அவள் பானையைத் திருப்பி மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். ஒன்றைச் சொல்லியாகிவிட்டது, மற்றதையும் சொல்லிவிடலாம் என்று, போர்ச்சுகல் விஷயத்தையும் அங்கேயே சொன்னேன். விசா, வாடகைக்குப் பார்த்திருக்கும் அறை, கடல், நாய்க்கான கூண்டு. எத்தனையோ பேருடைய பேச்சைச் சுருக்கிய எனக்கு என் பேச்சைச் சுருக்கத் தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே தேய்த்தாள். எவ்வளவு நேரம் பறக்க வேண்டும் என்று கேட்டாள். மாறுவது காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும் என்றேன்.

"அவ்ளோ நேரம் கூண்டுலயா? பாவம்டா." கையைப் புடைவைத் தலைப்பில் துடைத்தாள். மரத்தடியில் எலும்பு கடித்துக்கொண்டிருந்த நாயைப் பார்த்தாள். "அத இங்க விட்டுட்டுப் போயேன். நான் பாத்துக்கறேன். எனக்கும் ஒரு தொணையா இருக்கும்."

யோசிக்கவே இல்லை நான். கோபமே வந்தது எனக்கு.

"அது எப்பிடிக்கா? நம்மளையே நம்பி இருக்கறத விட்டுட்டு எப்பிடிப் போறது?"

சொல்லி முடித்தபிறகுதான் அது என் காதில் விழுந்தது. குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லாத வாக்கியங்களை நான் திரையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் அடுத்த வரி ஒன்று எழுதித் தந்திருப்பார்கள். இதற்கு இல்லை.

அக்கா குழாயை மூடினாள். "அந்தப் பக்கம் புடி" என்றாள். இருவரும் பானையைத் தூக்கிச் சாய்த்தோம். எண்ணெய் மிதக்கும் தண்ணீர் சாக்கடையில் இறங்கிச் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் போயிற்று. அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள். அந்தப் பார்வைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

அன்று தங்கினேன். ஏழு மணிக்கு முட்டி போட்டேன்; எனக்கும் முட்டிகள் இருக்கின்றன என்பதை அவை நினைவூட்டின. நோயாளிகளுக்காக, இறந்தவர்களுக்காக என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், அதே குரலில், "பயணம் போறவங்களுக்காக" என்றாள். ஆமென் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நான் இருமினேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டம்மாள் வந்து, நேர்ச்சைச் சோறு வீணாகப் போயிற்றே டீச்சர் என்று அனுதாபப்பட்டார். தபால்காரரின் சாட்சியம் அதற்குள் ஊர் சுற்றி வந்திருந்தது. சோறு எப்படி வீணாகும், எல்லாரும் சாப்பிட்டார்களே என்று அக்கா பதில் சொன்னாள். என்னைப் பற்றி அந்த அம்மாளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சினிமாவுக்கு எழுதுகிறவன் என்று முன்புபோல் சொல்லவும் இல்லை.

இப்போது ஏறக்குறைய எல்லாம் தயார். நாய் அக்கா வீட்டுக் கூடத்தில் வைத்திருக்கும் கூண்டுக்குள் தானாகப் போய்ப் படுத்துத் தூங்குகிறது. மருத்துவர் அதைப் பாராட்டினார். சனிக்கிழமைதோறும் போகிறேன், தங்குகிறேன், ஞாயிறு மாலை திரும்புகிறேன். இத்தனை வருடம் செய்யாததைக் கிளம்புகிற நேரத்தில் செய்வதில் என்ன லாபம் என்று கீழ்க்கடை அண்ணன் ஒரு நாள் கேட்டார். லாபம் இருக்கிற எதையும் நான் இதுவரை செய்ததில்லையே அண்ணே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

போன வாரம் அக்கா துணி மடித்துக்கொண்டே எப்போது கிளம்புவதாக இருக்கிறேன் என்று கேட்டாள். டிசம்பர் தொடக்கம் என்றேன்.

"கிறிஸ்மஸ் முடிஞ்சி போ லா" என்றாள்.

"சரிக்கா" என்றேன்.

உடனே சொல்லிவிட்டேன். கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும், நாட்காட்டியையாவது பார்த்திருக்க வேண்டும். பெரிய தண்டனையை எதிர்பார்த்து நின்றவனுக்குச் சின்னதாக ஒன்றைக் கொடுத்து அனுப்பினால் வரும் வேகம் என் குரலில் இருந்தது. அக்கா கையிலிருந்த போர்வையை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சேத்துக் கேட்டிருக்கலாம் போலருக்கே" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. போர்வை பாதி மடித்தபடி கிடந்தது. எடுத்து மீதியை மடித்தேன். ஓரங்கள் சேரவில்லை.